நாசினி தாக்கும் நொதியங்கள்

கொக்கிளாய்க் களப்பை அண்டிய வயல்களிலும் தோட்டங்களிலும் நாசினி தெளிக்கும் கமக்காரர் ஒன்றை அறிதல் வேண்டும். சேதனப் பொசுபரசு, காபமேற்று வகை நாசினிகள் கோலினெசுத்தரேசு என்னும் நொதியத்தை முடக்கியே பூச்சியைக் கொல்கின்றன. அந்நொதியம் மனிதருடலிலும் மாட்டினுடலிலும் உண்டு.

இக்குடும்பத்தில் நொதியங்கள் இரண்டு. அசெற்றைல் கோலினெசுத்தரேசு மூளையிலும், நரம்பு தசையைச் சேருமிடங்களிலும், குருதிச் செங்குழியங்களிலும் உளது. நரம்பின் ஏவலை உடனுக்குடன் அடக்குதலே அதன் தொழில். பியூற்றிரைல் கோலினெசுத்தரேசையோ ஈரல் ஆக்கிக் குருதிநீரில் விடுகின்றது. மாட்டின் குருதிநீரில் இது மிகச் சொற்பம். ஆதலால் மாட்டுக்குச் செங்குழியங்களையும் சேர்த்தே சோதித்தல் வேண்டும்.

நொதியம் முடங்கின் ஏவல் அடங்காது. கண்ணின் பாவை சுருங்கும், எச்சிலும் வியர்வையும் பெருகும், தசை துடிக்கும், மூச்சு முட்டும்.

குருதிநீர் நொதியத்தை ஈரல் சில வாரங்களில் ஈடுசெய்யும். செங்குழியமோ புதிதாக ஆக்கமாட்டாது. அதன் வாழ்நாள் ஏறக்குறைய 120 நாள். பழையன நீங்கிப் புதியன வந்தபின்னரே குறை முற்றாகத் தீரும். நோய்க்குறி ஏதுமின்றி நடமாடுபவரும் இக்குறையுடன் இருக்கலாம். அவர் மீண்டும் தெளிக்குமிடத்துச் சிறிதளவு நாசினியே பெருந்தீங்கு விளைவிக்கும்.

இவ்வகையைச் சேர்ந்த மொனோகுரோட்டோபொசு, மெதமிடோபொசு ஆகியன இலங்கையில் 1995 இல் தடைசெய்யப்பட்டன.

நாசினி தோலினூடாகவும் உட்புகும். நனைந்த உடையை அப்போதே களைந்து, சவர்க்காரமிட்டு உடலைக் கழுவுக. மூச்சு முட்டுபவரைத் தாமதியாது மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. நாசினிப் போத்தலின் சுட்டுத்துண்டையும் உடன் கொடுத்தனுப்புக.