கடலுக்கு மேல் இன்ஜின் நின்றுபோனால்? சிறிய விமான விபத்தை விசாரிப்பது எப்படி?

2024 பிப்ரவரி 13. கிள்ளான் அருகே காப்பாரில் சிறிய விமானம் ஒன்று செம்பனைத் தோட்டத்தில் விழுந்து இருவர் உயிரிழந்தனர். சரியாக மூன்று வாரம் கழித்து, மார்ச் 5-ஆம் தேதி, கடல்சார் அமலாக்கத் துறையின் ஹெலிகாப்டர் புலாவ் அங்சா அருகே கடலில் விழுந்தது. அதிலிருந்த நால்வரும் உயிர் தப்பினர்.

இப்படி எது நடந்தாலும் வாட்ஸ்அப் குரூப்பில் உடனே தீர்ப்பு வந்துவிடும்: "இன்ஜின் போயிருச்சாம்", "பைலட் மேலதான் தப்பாம்." உண்மையான விசாரணை அவ்வளவு சீக்கிரம் முடியாது. ஏன்?

இன்ஜின் நின்றால் விமானம் உடனே விழுமா?

விழாது. சறுக்கிக்கொண்டே இறங்கும். செஸ்னா 172 போன்ற விமானம் 3,000 அடி உயரத்திலிருந்து ஏறக்குறைய 8 கிலோமீட்டர் போகும். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து பெட்டாலிங் ஜெயா வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் இருப்பது சுமார் நான்கு நிமிடம். அதற்குள் விமானி இன்ஜினை மறுபடி ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கணும், 'மேடே' சொல்லணும், இறங்க இடம் தேடணும்.

இன்ஜின் ஏன் நிற்கிறது?

எரிபொருள் தீர்ந்திருக்கலாம், அதில் தண்ணீர் கலந்திருக்கலாம், உள்ளே ஏதாவது உடைந்திருக்கலாம். இன்னொரு காரணம், ஐஸ்! நம்ம ஊர் வெயிலிலா? ஆமாம். கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே கடுமையாகக் குளிரும். ஈரக்காற்றில் உள்ள நீர் உறைந்து காற்று போகும் வழியை அடைத்துவிடும். விபத்துக்குப் பிறகு அந்த ஐஸ் உருகிவிடும். ஆதாரமே இருக்காது.

அப்புறம் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

பல சிறிய விமானங்களில் கறுப்புப் பெட்டி கிடையாது. அதனால் ரேடார் பதிவு, வானொலி உரையாடல், ஜிபிஎஸ், அன்றைய வானிலை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள். விழும்போது இன்ஜின் ஓடியதா என்பதை புரொப்பெல்லர் வளைந்திருக்கும் விதமே ஓரளவு சொல்லிவிடும். கடலிலிருந்து எடுத்த பாகங்கள் வேகமாகத் துருப்பிடிக்கும் என்பதால் நல்ல தண்ணீரில் கழுவிப் பாதுகாப்பார்கள்.

அப்படியும் முழு விடை கிடைக்காமல் போகலாம். 2013 டிசம்பர் 11-இல், ஹவாயின் மொலொகாய் தீவு அருகே 9 பேருடன் சென்ற செஸ்னா கேரவன் கடலில் இறங்கியது. அனைவரும் வெளியே வந்தனர். ஆனால் ஒருவர் கடலிலேயே இறந்தார். டர்பைன் தகடுகள் உடைந்ததால் இன்ஜின் நின்றது என விசாரணை கண்டறிந்தது. தகடுகள் ஏன் உடைந்தன? கடும் வெப்பம் தடயத்தை அழித்துவிட்டதால் சொல்ல முடியவில்லை. ஆனால் இன்னொன்று தெரியவந்தது: புறப்படும் முன் பயணிகளுக்கு முறையான பாதுகாப்பு விளக்கம் தரப்படவில்லை.

குற்றவாளி யார் என்று சொல்வார்களா?

அது இந்த விசாரணையின் வேலை அல்ல. அனைத்துலக விதிப்படி, மீண்டும் இப்படி நடக்காமல் தடுப்பதே ஒரே நோக்கம். மலேசியாவில் போக்குவரத்து அமைச்சின் கீழுள்ள விமான விபத்து விசாரணைப் பிரிவு இதைச் செய்கிறது. முதற்கட்ட அறிக்கைக்கு 30 நாள். முடிந்தால் 12 மாதத்தில் இறுதி அறிக்கை.

நமக்கு இதில் என்ன இருக்கு?

1996-இல் எரிபொருள் தீர்ந்து கொமொரோஸ் தீவருகே கடலில் இறங்கிய எத்தியோப்பிய விமானத்தில் 125 பேர் இறந்தனர். உயிர்காப்பு அங்கியை விமானத்துக்குள்ளேயே ஊதிவிட்ட பலர், தண்ணீர் ஏறியபோது வெளியேற முடியாமல் சிக்கிக்கொண்டனர்.

அடுத்த முறை விமானத்தில் பாதுகாப்பு விளக்கம் தரும்போது போனைக் கொஞ்சம் கீழே வையுங்கள். அங்கியை உள்ளே மாட்டலாம். வெளியே வந்த பிறகுதான் ஊதணும்.