கருப்பொருள் பூங்காக்களும் அவற்றின் உரையாசிரியர்களும்

இளங்கலை வகுப்பில் அகத்திணையியலை நடத்திக்கொண்டிருந்தபோது மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, நாளேடுகளில் 'கருப்பொருள் பூங்கா' என்று எழுதுகிறார்களே, அந்தக் கருப்பொருளும் இந்தக் கருப்பொருளும் ஒன்றுதானா?" என வினவினார். வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்து, இரண்டும் வேறு என விடையிறுத்து மேலே சென்றுவிட்டோம். 'தீம்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு மையக்கருத்து என்னும் பொருளில் எவரோ ஆக்கிய மொழிபெயர்ப்பு அது. தொல்காப்பியருக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பதே அன்று நம் எண்ணம். பின்னர் அப்பூங்காக்களைப் பற்றிப் படிக்கப் படிக்க, மாணவர் வினா சரியென்பதும் நம் விடையே பிழையென்பதும் புலனாயின. அக்கடனை இம்மலரில் தீர்க்க முனைகின்றோம்.

இராட்டினமும் ஊஞ்சலும் உள்ள இடமெல்லாம் பொழுதுபோக்குப் பூங்காதான். ஆயின் கருப்பொருள் பூங்கா என்பது வேறு. 1955ஆம் ஆண்டு ஜூலை 17 அன்று அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து அனஹைம் நகரில் திறக்கப்பெற்ற டிஸ்னிலாந்து இதற்குச் சிறந்த சான்று. ஆரஞ்சுத் தோப்புகளாக இருந்த 160 ஏக்கர் நிலத்தில், ஏறத்தாழ ஓராண்டுக் காலத்தில், வால்ட் டிஸ்னி அதனை எழுப்பினார். திறப்பு நாளன்று புதிதாக இட்ட தார் வெயிலில் இளகிப் பெண்களின் குதிகாலணிகள் அதில் புதைந்தனவாம். குழாய்த் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் குடிநீருக்கும் தட்டுப்பாடு. எனினும் அப்பூங்கா நிலைத்தது. அதன் அமைப்பே அதற்குக் காரணம்.

பூங்காவைச் சுற்றி உயர்ந்த மண்கரை ஒன்றை எழுப்பி, அதன்மேல் சிறு இரயில் ஓடச் செய்தனர். கரைக்கு அப்பாலுள்ள ஊரும் மின்கம்பமும் உள்ளிருப்பவர் கண்ணிற் படா. உள்ளே நுழைவோர் முதலில் காண்பது இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்து அமெரிக்கச் சிற்றூரின் கடைத்தெரு. அதன் முடிவில் ஒரு கோட்டை. அங்கிருந்து காடும் கடலும் சார்ந்த வீரநிலம், குடியேற்ற எல்லைநிலம், தேவதைக் கதைநிலம், நாளைய உலகம் எனத் தனித்தனி நிலங்கள் பிரிகின்றன. கடைத்தெருக் கட்டடங்களின் மேல்மாடிகளைக் கீழ்த்தளத்தினும் சிறியனவாகக் கட்டியுள்ளமையால் அவை உண்மை உயரத்தினும் மிக்குத் தோன்றும். கோட்டையின் உயரம் 77 அடியே. மேலே செல்லச் செல்லக் கற்கள் சிறுத்துக்கொண்டே போவதால் காண்போர் அதனை மிகப் பெரிதென மயங்குவர்.

இப்போது தொல்காப்பியருக்கு வருவோம். நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியன கருப்பொருள். அந்நிலத்திற்குரிய ஒழுக்கமும் உணர்வும் உரிப்பொருள். பூங்கா அமைப்போர் செய்வதும் இதுவே. எல்லைநிலத்திற்கு 19ஆம் நூற்றாண்டு என்னும் பொழுதை வகுக்கின்றனர். அங்கே மரவேலி, நீராவிப் படகு, பாஞ்சோ என்னும் நரம்பிசைக் கருவி, பணியாளர் உடை, உணவுக்கடையின் பெயர்ப்பலகை ஈறாக யாவும் அந்நிலத்திற்குரியன. இவை கூடிப் பிறப்பிக்கும் துணிவும் தனிமையுமே அதன் உரிப்பொருள். மையக்கருத்து எனப் பொருள்கொண்டால் இக்கலையின் பாதிதான் விளங்கும். தொல்காப்பியர் பொருளில் கொண்டால் முழுவதும் விளங்கும். மொழிபெயர்த்தவர் அறிந்து செய்தாரோ அறியாது செய்தாரோ, சொல் நன்றாகவே வாய்த்திருக்கிறது.

ஒரு நிலத்துப் பூவும் புள்ளும் பிற நிலத்தில் வருதலை நம் இலக்கணம் ஓரளவு ஏற்கும். பூங்காக் கலைஞரோ இதில் மிகக் கடியர். மாடுமேய்க்கும் வீரனின் உடையணிந்த பணியாளர் ஒருவர் நாளைய உலகத்தின் வழியே நடந்து சென்றதைக் கண்டு டிஸ்னி வருந்தினார் என்று ஒரு செய்தி வழங்குகிறது. 1971 அக்டோபர் 1இல் புளோரிடாவில் திறக்கப்பெற்ற மேஜிக் கிங்டம் பூங்காவில் பணியாளர் நடமாட்டத்திற்கெனத் தனி நடைவழிகளே அமைத்தனர். நிலத்தடி நீர் மிக மேலே இருந்தமையால் தோண்டவியலாது, நடைவழிகளைத் தரைமட்டத்தில் கட்டி, அவற்றின்மேல் மண் நிரப்பிப் பூங்காவை எழுப்பினர். வருவோர் நடப்பது உண்மையில் இரண்டாம் தளத்தில். குப்பையும் சரக்கும் உடைமாற்றமும் கீழே, கதை மேலே.

நிருவாகம் வேறு, கலை வேறு என்று நம்மிற் பலர் கருதுகின்றோம். நெதர்லாந்தின் எஃப்டலிங் பூங்காவை நோக்கின் அக்கருத்து மாறும். அறக்கட்டளை ஒன்றின் உடைமையான அப்பூங்காவின் தேவதைக் கதைக்காடு, ஓவியர் ஆன்டன் பீக் வரைந்த வடிவில் 1952இல் திறக்கப்பெற்றது. அங்கே 'ஹோலெ போலெ கெய்ஸ்' எனப்படும் பெருந்தீனிக்காரன் வாய்திறந்து அமர்ந்து, "காகிதம் இங்கே" எனக் குரல்கொடுத்துக்கொண்டிருப்பான். அவன் வாயருகே காகிதத்தைக் கொண்டுசென்றால் காற்று அதனை உள்ளே இழுத்துக்கொள்ளும். உடனே நன்றியும் சொல்வான். அவன் ஒரு குப்பைத்தொட்டி. அவனுக்கு உணவூட்டுதற்கெனச் சிறுவர் தரையில் காகிதம் தேடி அலைகின்றனர். துப்புரவுப் பணியையே கதையாக்கிய இந்த ஒன்றைவிட நம்மைக் கவர்ந்தது வேறில்லை. நம் கல்லூரி வளாகத்திற்கும் ஒருவன் தேவை என்பதை முதல்வர் அவர்கள் கவனத்திற்குப் பணிவுடன் கொணர்கின்றோம்.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். ஒவ்வொரு சவாரியும் ஒரு மணி நேரத்தில் எத்துணைப் பேரை ஏற்றும் என்பதே மேலாளர்க்கு முதன்மையான கணக்கு. இருபது பேர் அமரும் படகு அரை நிமிடத்திற்கு ஒன்றாகப் புறப்படின் மணிக்கு 2,400 பேர் செல்லலாம். அதே படகு இரண்டு நிமிடத்திற்கு ஒன்றெனில் 600 பேரே. மற்றவர் வரிசையில் நிற்பர். வரிசையில் நிற்பவர் உண்பதுமில்லை, பொருள் வாங்குவதுமில்லை. 1999இல் டிஸ்னி நிறுவனம் கட்டணமின்றி நேரங்குறித்த சீட்டு வழங்கத் தொடங்கியது. குறித்த நேரத்தில் வந்தால் விரைவு வழியில் நுழையலாம். அமெரிக்கப் பூங்காக்களில் 2021இல் அம்முறை கைவிடப்பெற்று, பணம் கொடுத்து விரைவு வழி பெறும் முறை வந்தது. அன்றுமுதல் இரசிகர் நடுவே ஓயாத வழக்கு இது. ஒரே நுழைவுச்சீட்டு வாங்கிய இரு குடும்பத்துப் பிள்ளைகளில் ஒருவன் நிற்க, மற்றவன் அவனைக் கடந்து செல்வதைப் பற்றிய வழக்கு அது. வால்ட் டிஸ்னி காலத்திலும் சவாரிக்குச் சவாரி தனிச்சீட்டு இருந்ததே என்பாரும் உளர். உண்மைதான்; ஆயின் அன்று பணம் சவாரியைத் தந்தது, இன்று பிறரை முந்தும் உரிமையைத் தருகிறது. இவ்வேறுபாட்டைச் சிறிதெனத் தள்ள நம்மால் இயலவில்லை.

இரசிகர் என்றோம். இவர்கள் வெறும் பார்வையாளர் அல்லர். ஒரு சுவரின் வண்ணம் மாறினாலும், விளக்குத்தூணின் வடிவம் நிலத்திற்குப் பொருந்தாவிடினும் கண்டுபிடித்து எழுதுவர். புதிய சவாரிக்கான வரைபடம் வெளிவந்த அன்றே அதனைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பொருள் கூறுவர். ஒருவர் கூற்றை மற்றொருவர் மறுப்பர். இளம்பூரணரைப் பேராசிரியர் மறுப்பதைப் படித்துச் சுவைத்த நமக்கு இஃது அயலாகத் தோன்றவில்லை. மூலம் மாறுமிடத்தில்தான் உரையாசிரியர் பெரிதும் கொதிப்பர். பாடபேதம் வந்தால் நாமும் அப்படித்தானே?

மூலம் மாற்றப்பெற்ற கதைகளுள் நம் நெஞ்சிற்கு அணுக்கமானது சிந்துபாத்தினுடையது. 'கன்னித்தீவு' படக்கதையால் தமிழ்ச் சிறாரும் அறிந்த அக்கடலோடி, ஆயிரத்தோரு இரவுகளில் பாக்தாதின் வணிகன். ஏழு கடற்பயணங்களின் நாயகன். 2001 செப்டம்பரில் திறக்கப்பெற்ற டோக்கியோ டிஸ்னிசீ பூங்காவின் அரபுக்கரை என்னும் பகுதியில் குவிமாடங்களுக்கு இடையே அவனுக்கெனப் படகுச் சவாரி ஒன்றை அமைத்தனர். தொடக்கத்தில் அதில் அச்சமும் போருமே மிகுந்திருந்தன. 2007இல் அதனையே புதுப்பித்துப் பெயரையும் மாற்றினர். புலிக்குட்டி ஒன்று சிந்துபாத்திற்குத் துணையாயிற்று, ஆலன் மென்கன் இசையமைத்த பாடல் ஒன்று சவாரி முழுவதும் உடன்வருகிறது, அரக்கன் நண்பனாகின்றான், ருக்கு என்னும் பெரும்பறவையும் பகை நீங்குகிறது.

மூலநூலில் இவ்வாறில்லை. மூன்றாம் பயணத்தில் மனிதரைத் தின்னும் அரக்கனின் கண்ணைக் காய்ச்சிய இரும்பால் குத்திக் குருடாக்கியே சிந்துபாத் தப்புகிறான். ஐந்தாம் பயணத்தில் வணிகர் ருக்குவின் முட்டையை உடைக்க, அப்பறவைகள் பாறைகளை வீசிக் கப்பலை மூழ்கடிக்கின்றன. மூலத்தை மாற்றுதல் தகாது என்று நாள்தோறும் வகுப்பில் வற்புறுத்தும் நாம் 2001ஆம் ஆண்டுச் சிந்துபாத்தின் பக்கமே நிற்கவேண்டியவர்கள். ஆயினும் மனம் 2007ஐ நோக்கியே சாய்கிறது. அரபு நாடு என்றாலே உருவிய வாளும் கொடிய மந்திரவாதியும் என மேலைத் திரைப்படங்கள் காட்டிக் காட்டி நம் பிள்ளைகளையே நம்பவைத்துவிட்டன. அரபு வணிகன் ஒருவன் அன்பினால் கடலை வெல்வதாக, அவ்வூரோடு தொடர்பேதுமற்ற ஜப்பானியர் பூங்கா காட்டுகிறது. படகில் அமர்ந்த ஜப்பானியக் குழந்தை அவனுக்குக் கையசைக்கும். இஃது ஆராய்ச்சி நெறிக்கு ஒவ்வாத சார்பு என்று எவரேனும் சுட்டினால் ஒப்புக்கொள்வோம்.

இதனையொத்த மாற்றங்கள் பிறவும் உள. 1988 முதல் எஃப்டலிங்கில் இருந்த 'மஸ்யூ கேனிபால்' என்னும் சுழல் சவாரி கருநிற மக்களை நரமாமிசம் தின்போராகச் சித்திரித்தமையால் கண்டிக்கப்பெற்று, 2021இல் மூடப்பெற்றது. மறுவாண்டு சிந்துபாத் கதையைத் தழுவிப் புதுவடிவில் திறக்கப்பெற்றது. டிஸ்னியின் 'ஸ்பிளாஷ் மவுண்டன்' நீர்ச்சறுக்கு 1946ஆம் ஆண்டின் திரைப்படம் ஒன்றைத் தழுவியது. பண்ணைகளில் உழைத்த கருநிற மக்களின் வாழ்வை இன்பமயமாகப் பூசிக்காட்டியது என்று அப்படத்தின்மீது நெடுநாள் கண்டனம் இருந்தது. 2024இல் அமெரிக்காவின் இரு பூங்காக்களிலும் அச்சறுக்கு, கருநிற இளவரசி டியானாவின் கதையாக மாறியது. பலர் வருந்தினர். அவருள் எல்லாரையும் நிறவெறியர் எனல் அறமன்று. தந்தையின் மடியில் அமர்ந்து முதன்முதல் சறுக்கிய நினைவு அவர்களுடையது. எனினும் தம்மை இழிவாகக் காட்டும் காட்சியைக் கடந்துதான் மற்றொரு குழந்தை அவ்வின்பத்தைப் பெறவேண்டும் என்பது எவ்வகை நியாயம்?

காசுக்காக நிகழும் மாற்றமோ வேறு. மேஜிக் கிங்டத்தின் எல்லைநிலத்தை அணைந்து 1971 முதல் ஓர் ஆறு ஓடியது. செயற்கை ஆறுதான். நடுவே ஒரு தீவு. சுற்றிவர நீராவிப் படகு. பெரும் வரிசை அங்கே நின்றதில்லை. கூட்டத்திலும் இரைச்சலிலும் களைத்த முதியோர் கரையில் அமர்ந்து படகு வருவதைப் பார்த்திருப்பர். 2024 ஆகஸ்டில் நிறுவனம் ஆற்றை மூடி, 2006இல் வெளிவந்த 'கார்ஸ்' படத்தின் பேசும் ஊர்திகளுக்கான நிலம் அமைக்கப்போவதாக அறிவித்தது. மலையும் காடும் நிறைந்த வெளி என்பதால் அதுவும் எல்லைநிலமே என்பது நிறுவனத்தின் உரை. நீராவிப் படகின் பொழுதும் பெட்ரோல் ஊர்தியின் பொழுதும் ஒன்றல்ல என்பது இரசிகரின் மறுப்பு. முதற்பொருளே மாறிற்று என்று நாம் எழுதியிருப்போம். நிறுவனத்தின் கணக்கிலும் பொருளுண்டு. பல ஏக்கர் நீர்ப்பரப்பு மணிக்கு மிகச் சிலரையே மகிழ்விக்கிறது. அவ்விடத்துப் புதிய சவாரிகள் ஆயிரக்கணக்கானோரை ஏற்கும். வெறுமனே அமர்ந்திருந்தவர்களை எண்ணும் கருவி எந்த நுழைவாயிலிலும் இல்லை என்பதுதான் இடர்.

கலிபோர்னியாவிலும் ஆற்றைக் குறுக்கினர். 2016இல் மூடி, 2017இல் திறந்தபோது நீளம் குறைந்திருந்தது. ஆயின் புதிய பாறைகளும் அருவிகளும் முன்னினும் அழகெனப் பழித்தோரே பாராட்டினர். புளோரிடாவில் அந்த வழியை மேற்கொள்ளவில்லை. 2025 ஜூலை 6 அன்று படகு கடைசியாக ஓடியது. மறுநாள் ஆறு மூடப்பெற்றது.

அதே பூங்காவில் 1998 செப்டம்பரில் 'மிஸ்டர் டோட்' என்னும் தேரையின் சவாரியை மூடியபோதும் இரசிகர் திரண்டு வந்து, பச்சைச் சட்டை அணிந்து அமைதியாக எதிர்ப்புத் தெரிவித்தனர். பயனில்லை. அடுத்த ஆண்டு அவ்விடத்தில் வின்னி என்னும் கரடிக்குட்டியின் சவாரி வந்தது. ஆனால் அதனை வடிவமைத்தோர் உள்ளே ஆந்தையின் வீட்டில் சிறு படம் ஒன்றை மாட்டிவைத்தனர். தேரை தன் வீட்டுப் பத்திரத்தை ஆந்தையிடம் ஒப்படைக்கும் படம் அது. ஊர்தி விரைந்து கடக்கும். தேடுபவர் கண்ணுக்கே அது புலப்படும்.