தீவில் வெங்காயம் தீர்ந்துபோனால்?

தாளிக்கிற நேரத்தில் வெங்காயம் தீர்ந்துபோனால் என்ன செய்வீங்க? தாம்பரத்துக்காரங்களுக்குக் கவலையே இல்லை. சண்முகம் சாலை மார்க்கெட்டுக்கு ஒரு நடை போய்வந்தால் போதும். சுற்றிலும் கடல் சூழ்ந்த மாலத்தீவு ரிசார்ட்டில் தீர்ந்துபோனால்?

அங்கே பெரும்பாலும் ஒரு தீவுக்கு ஒரே ரிசார்ட்தான். மீனும் தேங்காயும் உள்ளூரிலேயே கிடைக்கும். அரிசி, முட்டை, காய்கறியெல்லாம் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்திறங்கி, படகேறித்தான் தீவுக்குப் போகணும். நம்ம தூத்துக்குடியிலிருந்தும் சரக்கு போகுது.

அதனால், கிரில், சாஸ், சாலட் என்று ஏதாவது ஒரு பிரிவுக்குப் பொறுப்பான செஃப், கிச்சன் பேச்சில் சொன்னால் 'சி.டி.பி.', அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே குளிர் அறைக்குள் போய் இருப்பைப் பார்ப்பார். டப்பாக்களில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் படித்து, பழையதை முன்னால் இழுத்து வைப்பார். கடல் கொந்தளித்தால் படகு தாமதமாகும். அதையும் யோசித்துத்தான் அடுத்த சரக்குக்குச் சீட்டு எழுதணும். கைமணத்தைவிட இந்த முன்யோசனைதான் அங்கே பெரிய திறமை!

உங்க வீட்டில் சமையல் ஆர்வமுள்ள பிள்ளைகள் இருக்காங்களா? நம்ம தரமணியிலேயே மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ஹோட்டல் மேலாண்மைக் கல்வி நிறுவனம் இருக்கு. பிளஸ் டூ முடித்தவங்க நுழைவுத் தேர்வு எழுதி பட்டப்படிப்பில் சேரலாம். இப்பவே விசாரிச்சு வையுங்க!