ஏலமலைச் சரிவுகளில் பங்குக்கோயில் வாழ்க்கை

ஏலமலைச் சரிவுகளில் பங்குக்கோயில் வாழ்க்கை என்பது தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்திலுள்ள போடிநாயக்கனூரையும் அதற்கு மேற்கே கேரள எல்லை வரை உயர்ந்து செல்லும் மலைச்சரிவுகளையும் சார்ந்து வாழும் சிறிய கிறித்தவச் சமூகங்களின் கூட்டு வாழ்க்கையையும், அவை ஆண்டு முழுவதும் மேற்கொள்ளும் வழிபாடுகள், விழாக்கள், பொதுப்பணிகள் ஆகியவற்றையும் குறிக்கும். இப்பகுதியில் கிறித்தவர்கள் சிறுபான்மையினர். தமிழகத்தின் பிற ஊர்களில் நடைபெறும் அதே திருவிழாக்களே இங்கும் நடைபெறுகின்றன. எனினும், இங்கு மக்களின் நடமாட்டத்தை ஏலக்காய் எடுப்புக் காலமே தீர்மானிப்பதால், கோயில் நாட்காட்டி எப்போதும் தோட்ட நாட்காட்டியுடன் சேர்த்தே புரிந்துகொள்ளப்பட வேண்டியதாக உள்ளது.

அமைப்பு

கத்தோலிக்கத் திருச்சபையில் ஒரு குருவின் பொறுப்பில் உள்ள நம்பிக்கையாளர் சமூகம் பங்கு எனப்படும். அதன் தலைமைக் குரு பங்குத்தந்தை ஆவார். பங்கின் எல்லைக்குள் அடங்கிய சிற்றூர்களில் உள்ள கோயில்கள் கிளைக்கோயில்கள் எனப்படுகின்றன. பங்குத்தந்தை எல்லா ஞாயிறுகளிலும் எல்லாக் கிளைகளுக்கும் செல்ல இயலாது என்பதால், முற்காலம் தொட்டே உபதேசியார் என்னும் பணியாளர் செபம் சொல்லுதல், சிறுவர்களுக்கு மறைக்கல்வி கற்பித்தல், நோயாளிகளைச் சந்தித்தல் போன்ற பணிகளைச் செய்து வந்துள்ளார். அண்மைப் பதிற்றாண்டுகளில், அருகருகே வாழும் குடும்பங்கள் ஒருவர் வீட்டில் கூடி விவிலியம் வாசித்துச் செபிக்கும் அன்பியம் என்ற அமைப்பும் பரவியுள்ளது. தென்னிந்தியத் திருச்சபையில் பங்குக்கு இணையான அலகு சேகரம் எனவும், அதன் பொறுப்பாளர் ஆயர் எனவும் அழைக்கப்படுகின்றனர்.

தேனி மாவட்டம் கத்தோலிக்க ஆட்சிமுறையில் மதுரை உயர்மறைமாவட்டத்தில் அடங்கும். மதுரை 1938 இல் மறைமாவட்டமாகவும் 1953 இல் உயர்மறைமாவட்டமாகவும் ஆனது. சீர்திருத்தச் சபைகளின் வேர் 1834 இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த அமெரிக்க மிசனரிகளின் மதுரை மிசனில் உள்ளது. இம்மிசனின் சபைகள் 1908 இல் உருவான தென்னிந்திய ஐக்கிய சபையின் வழியாக, 1947 செப்டம்பரில் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தன.

மலையின் மறுபுறத்தில் நிலைமை வேறு. அங்குள்ள இலத்தீன் வழிபாட்டுமுறைக் கோயில்கள் 1930 இல் நிறுவப்பட்ட விசயபுரம் மறைமாவட்டத்தையும், குடியேறிய மலையாள விவசாயிகளின் சீரோ மலபார் கோயில்கள் 2003 இல் உருவான இடுக்கி மறைமாவட்டத்தையும் சேர்ந்தவை. எனவே போடியிலிருந்து தோட்ட வேலைக்குச் செல்லும் ஒரு கத்தோலிக்கத் தொழிலாளி ஒரே நாளில் மாநில எல்லையுடன் மறைமாவட்ட எல்லையையும் கடக்கின்றார். சில இடங்களில் வழிபாட்டு முறையும் மொழியும்கூட மாறிவிடுகின்றன.

மலைப்பாதையும் மூணாறு ஆலயமும்

இன்று போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகள் வழியாக மலை ஏறும் பயணம், நூறு ஆண்டுகளுக்கு முன் குரங்கணி, கொட்டகுடி வழியாகவே பெரிதும் நடைபெற்றது. மூணாற்றுத் தேயிலை, குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேசனுக்கு வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் கீழே இறக்கப்பட்டு, போடி வழியாகத் தொடர்வண்டி நிலையத்தை அடைந்தது. 1902 இல் தொடங்கிய குண்டளைப் பள்ளத்தாக்கு இருப்புவழி 1924 ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அழிந்தது. தொழிலாளர்களும் கங்காணிகளும் இதே வழியில்தான் ஏறினர். மலைமேல் தமிழ்க் கிறித்தவச் சமூகங்கள் தோன்றியதற்கு மறைபரப்பாளர்களைப் போலவே இந்தக் கூலிப் பாதையும் காரணம் எனலாம்.

இவ்வழியின் மேல்முனையில் உள்ள மூணாறு கிறிஸ்து ஆலயம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. வழக்கமாகக் கோயில் கட்டிய பின்னரே கல்லறைத் தோட்டம் அமையும். இங்கு அது தலைகீழாக நடந்தது. 1894 இல், தோட்ட மேலாளர் ஒருவரின் இளம் மனைவியான எலினார் நைட் வாந்திபேதி நோயால் இறந்து குன்றின் மேல் அடக்கம் செய்யப்பட்டார். அவ்விடத்தின் அழகைக் கண்டு, தாம் இறந்தால் அங்கேயே புதைக்கப்பட வேண்டும் என அவர் முன்பே சொல்லியிருந்தார் என்பது உள்ளூர்க் கதை. அக்கல்லறையைச் சுற்றி இடுகாடு உருவானது. அதன் கீழே கருங்கல் ஆலயத்துக்கு 1910 இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1911 இல் பணி முடிந்தது. உள்சுவர்களில் ஆங்கிலத் தோட்டக்காரர்களின் நினைவுப் பட்டயங்கள் இன்றும் உள்ளன. ஆங்கிலேயர் சென்ற பின் ஆலயம் தென்னிந்தியத் திருச்சபைக்கு உரியதாயிற்று. துரைமாருக்காகக் கட்டப்பட்ட இருக்கைகளில் இன்று தமிழிலும் வழிபாடு நடைபெறுகின்றது.

மூணாறு தேயிலைப் பகுதி என்பதை இங்குக் கருத வேண்டும். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க ஆள் வேண்டும். ஆகவே தொழிலாளர்கள் லயன் வீடுகளில் நிலையாகத் தங்கினர், நிலையான சபையும் உருவானது. ஏலத் தோட்டத்துக்கு அவ்வாறு அன்று. பறிப்பு முடிந்தால் பெரும்பாலோர் ஊர் திரும்பிவிடுவர். இதனால் ஏலமலைத் தொழிலாளியின் கோயில் பெரும்பாலும் மலை மேல் இல்லாமல் அடிவாரத்திலேயே இருக்கின்றது.

எடுப்புக் காலமும் வழிபாட்டு ஆண்டும்

ஏலச்செடி கோடை மழையைத் தொடர்ந்து பூக்கத் தொடங்குகின்றது. ஆடி, ஆவணி மாதங்களில் முதல் எடுப்பு ஆரம்பமாகும். எல்லாக் காய்களும் ஒரே நேரத்தில் முற்றாததால், ஏறத்தாழ 30 முதல் 45 நாள்களுக்கு ஒருமுறை அதே செடியில் மீண்டும் எடுப்பு நடைபெறும். இது தை, மாசி வரை நீளும். காய்கள் தோட்டத்து ஸ்டோரில் சூடேற்றி உலர்த்தப்பட்டு, தரம் பிரிப்பதற்கும் விற்பனைக்குமாகப் போடிக்கு வருகின்றன. ஏலக்காய் பொறுக்குவதில் நகரப் பெண்கள் பெருமளவில் ஈடுபட்டுள்ளனர். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல முறை 2007 முதல் போடியில் நடைமுறையில் உள்ளது.

எடுப்புக் காலத்தில் பெண்கள் விடியுமுன் சோற்றுத் தூக்குடன் ஜீப் ஏறினால், திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடும். பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை ஆகியவை அவர்கள் செல்லும் இடங்களில் சில. ஆள் நெரிசலுடன் செல்லும் ஜீப்புகள் மலைச்சாலையில் விபத்துக்குள்ளாகி உயிரிழப்புகள் நேர்ந்துள்ளன. ஆகவே பயணத்தில் உள்ளோருக்கான மன்றாட்டு இங்கு வெறும் சடங்குச் சொல் அன்று. மாலைத் திருப்பலியும் அன்பியக் கூட்டமும் ஜீப்புகள் திரும்பும் நேரத்தைப் பார்த்தே அமைய வேண்டியுள்ளது.

இக்காலத்தில்தான் ஆகஸ்டு 15 விண்ணேற்புப் பெருவிழா, செப்டம்பர் 8 ஆரோக்கிய அன்னை திருவிழா, அக்டோபர் செபமாலை மாதம், நவம்பர் 2 கல்லறைத் திருநாள், திருவருகைக் காலம், கிறித்துமசு ஆகியவை அடுத்தடுத்து வருகின்றன. தமிழகத்தின் பல பகுதிகளில் காவியுடை அணிந்து வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் செல்லும் வழக்கம் உண்டு. ஏல வேலைக்குச் செல்லும் குடும்பத்தில், எடுப்பு நடக்கும்போது பல நாள் நடந்து செல்வதென்றால் அத்தனை நாள் கூலியையும் இழக்க வேண்டும். நேர்ச்சையின் உண்மையான விலை உண்டியலில் இடும் காணிக்கை அன்று, இந்தக் கூலிதான். டிசம்பரில் இரவு கீதப் பவனி வீடு வீடாகச் செல்லும்போது கையில் சிறிது பணப் புழக்கம் இருக்கும், ஆனால் உடலில் களைப்பும் இருக்கும்.

தவக்காலத்தின் நிலை இதற்கு நேர்மாறானது. உயிர்ப்பு ஞாயிறு மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரையான ஒரு நாளில் வருவதால், அதற்கு முந்தைய நாற்பது நாள் நோன்பு பெரும்பாலும் மாசி, பங்குனி மாதங்களையே சார்ந்திருக்கும். அதுவே ஏலத் தோட்டத்தில் பறிப்பு முடிந்து வேலை குறைந்திருக்கும் காலமாகும். மக்கள் ஊரில் இருப்பர். சிலுவைப் பாதையிலும், குருத்தோலைப் பவனியிலும், புனித வெள்ளி வழிபாட்டிலும் கூட்டம் நிறையும். ஆனால் கூலி இராது. நோன்பு பற்றிய மறையுரை, ஏற்கனவே அடுப்பைச் சிக்கனமாக எரிக்கும் வீடுகளை நோக்கியே சொல்லப்படுகின்றது. கீழ்ச்சரிவுகளில் இலவங்காய் உடைப்பும் மாங்காய்ப் பறிப்பும் கோடையில் நடைபெறுவதால் ஓரளவு வேலை கிடைக்கும். இந்த வறண்ட பருவத்தின் ஆபத்துக்குச் சான்றாக, 2018 மார்ச் 11 அன்று, தவக்காலத்தின் நான்காம் ஞாயிறன்று, குரங்கணிக் காட்டுத் தீயில் சிக்கிய மலையேற்றக் குழுக்களைச் சேர்ந்த 23 பேர் இறந்தனர். முதலில் மீட்பில் இறங்கியவர்களுள் உள்ளூர் மக்களும் இருந்தனர்.

மே மாத விடுமுறையில் சிறுவர்களுக்கான விவிலிய வகுப்புகள் நடைபெறுகின்றன. தோட்டங்களில் அதே மாதத்தில் மழைக்கு முன்னதாக நிழல்மரங்களின் கிளை கழிக்கும் வேலை நடக்கும்.

பொங்கலும் அறுப்பின் பண்டிகையும்

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962–1965) பின்னர், வழிபாட்டில் தமிழ் மொழியும் உள்ளூர் வழக்கங்களும் இடம்பெற்றதன் விளைவாக, கோயில் முற்றத்தில் பொங்கல் வைப்பது கத்தோலிக்கரிடையே பரவலாகியுள்ளது. சீர்திருத்தச் சபைகளில் அதற்கு நிகராக அறுப்பின் பண்டிகை கொண்டாடப்படுகின்றது. அன்று வாழைத்தார், பூசணி, தேங்காய், கோழி, ஆடு எனக் கையில் உள்ளதை மக்கள் கொண்டுவந்து படைப்பர். ஆராதனைக்குப் பின் அவை ஏலம் விடப்பட்டு, வரும் பணம் சபை நிதியில் சேரும். ஒரு முட்டை அதன் சந்தை விலையைப்போல் பல மடங்குக்கு ஏலம் போவதும், வாங்கியவரே அதை மீண்டும் ஏலத்துக்குத் தந்துவிடுவதும் உண்டு. விற்பனையைக் குறிக்கும் ஏலம் என்னும் சொல் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தது, செடியைக் குறிக்கும் ஏலம் தமிழ்ச் சொல். ஏலமே ஏலத்தில் விற்கும் போடியில் இவ்விரண்டையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை.

பண்டிகை முடிவில் எல்லோரும் ஒரே பந்தியில் உண்ணும் அசனம் நடைபெறும். சமைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்துச் சபைக்குத் தரும் பிடியரிசிக் காணிக்கை, கூலிப் பணம் கையில் இல்லாத பெண்களும் பங்கேற்பதற்கு வழிசெய்தது.

வரியும் பதிவேடும்

கோயில் திருவிழாவுக்குக் கொடியேற்றம் முதல் சப்பரப் பவனி வரை ஆகும் செலவைத் தலைக்கட்டு வரியாகக் குடும்பந்தோறும் பிரித்துக்கொள்வது தமிழக ஊர்களில் பொது வழக்கமாகும். ஆண்டில் பல மாதங்கள் மலையில் தங்கும் குடும்பமும் தலைக்கட்டுத்தானா என்பது எளிய கேள்வி அன்று. வரி செலுத்துவது ஊரில் இடம் உண்டு என்பதன் அடையாளம். திருமண ஓலை வாசிக்கப்படுவதும், இறந்தவர் சொந்தக் கல்லறையில் அடக்கம் செய்யப்படுவதும் அந்த இடத்தைச் சார்ந்தே இருப்பதாக மக்கள் கருதுகின்றனர்.

கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி திருமுழுக்கு, அது நடைபெற்ற பங்கின் பதிவேட்டில் எழுதப்படும். பின்னர் அவர் வேறெங்கு மணம் புரிந்தாலும் அச்செய்தி திருமுழுக்குப் பெற்ற பங்குக்குத் தெரிவிக்கப்பட்டு, அதே பதிவேட்டில் குறிக்கப்பட வேண்டும். எடுப்புக் காலத்தில் இடுக்கிப் பக்கத்தில் பிறந்து, அங்கேயே திருமுழுக்குப் பெற்ற பிள்ளை வளர்ந்து போடியில் மணமுடிக்கும்போது, ஒரு தாள் மலையேறி இறங்க வேண்டியதாகின்றது.

எல்லை மூடிய காலங்கள்

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைச் சிக்கல் முற்றியபோது, இடுக்கியின் ஏலத் தோட்டங்களில் இருந்த தமிழ்த் தொழிலாளர் பலர் அச்சத்தால் தேனி மாவட்டத்துக்குத் திரும்பினர். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டுப் பாதைகளில் போக்குவரத்து தடைப்பட்டது. எடுப்பின் உச்சத்தில், கிறித்துமசுக்குச் சில நாள்களே இருக்கையில் இது நேர்ந்தது. 2020 இல் கொரோனா பொதுமுடக்கத்தின்போது கோயில்கள் மூடப்பட்டு, ஏப்ரல் 12 அன்று உயிர்ப்பு ஞாயிறு மக்கள் கூட்டமின்றிக் கழிந்தது. அதன்பின் எல்லை கடக்க அனுமதிச் சீட்டு தேவைப்பட்டதால், எடுப்புக்குச் செல்வதும் தடைப்பட்டது. ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழையின்போது மண்சரிவால் போடிமெட்டுச் சாலை மூடப்படுவதும் உண்டு. அந்நாள்களில் மலையில் தங்கியவர்கள் அருகிலுள்ள மலையாளக் கோயிலில் பூசை காண்பர், சாலை திறந்ததும் ஜீப்பில் இறங்குவர்.