பேய்க் கப்பலில் ஒரு ராத்திரி!

ராத்திரி ரெண்டு மணி. சுவருக்குள்ளேயிருந்து ‘டக்... டக்... டக்’னு ஒரு சத்தம். நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? நான் போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கிட்டேன். மூணாவது வருஷம் மெக்கானிக்கல் படிக்கிறவன் செய்யற காரியமா இதுனு கேட்காதீங்க. படுத்திருந்த இடம் அப்படி பாஸ்!

இடம், ‘குயின் மேரி’ கப்பல். அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் லாங் பீச் நகரக் கரையோரம் நிரந்தரமா நிற்குது. இப்போ அது ஹோட்டல். ‘பேய் உலாவுற கப்பல்’னு உலகம் முழுக்கப் பேர் வாங்கின ஹோட்டல்!

செமஸ்டர் லீவுக்கு சன்னிவேலில் இருக்கற அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கேயிருந்து சான் டியேகோவுக்குக் காரில் கிளம்பினோம். நடுவில் ஒரு ராத்திரி எங்கேயாவது தங்கணும். “ஏதாவது மோட்டல் பார்த்துக்கலாம்” என்றாள் அக்கா. மாமாதான் உசுப்பிவிட்டார். “மாப்ள, பேய்க் கப்பல்ல ரூம் கிடைக்குது. தில் இருக்கா?” இருக்குனு சொல்லித் தொலைச்சேன். அறுநூறு கிலோமீட்டர் சொச்சமும் பேய்க் கதையாவே சொல்லிக்கிட்டு வந்தார் மனுஷன்.

கப்பலைப் பார்த்ததும் பயமெல்லாம் வரலை. வாய் பிளந்து நின்னேன். சிவப்பும் கறுப்புமா மூணு புகைபோக்கி. நீளம் 1,019 அடி. டைட்டானிக்கே 882 அடிதான்! ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஊரில் 1930 கடைசியில் கட்ட ஆரம்பிச்சாங்க. உலகம் முழுக்கப் பொருளாதாரம் படுத்துக் கிடந்த நேரம் அது. அடுத்த வருஷமே வேலை நின்னு, பாதி கட்டின கப்பல் ரெண்டு வருஷத்துக்கு மேல துருப்பிடிச்சுக் கிடந்தது. ‘லே-ஆஃப்’ங்கறது நம்ம சீனியர்களுக்கு மட்டும் வந்த சோதனை இல்லை. 1936 மே மாசம்தான் முதல் பயணம், சவுத்தாம்ப்டன் டு நியூயார்க். 1967-ல் ஓய்வு கொடுத்து லாங் பீச் நகரத்துக்கு வித்துட்டாங்க, விலை 34.5 லட்சம் டாலர். பனாமா கால்வாயில் நுழைய முடியாத அகலம்ங்கறதால தென் அமெரிக்காவைச் சுத்திக்கிட்டு வந்து சேர்ந்தது. கொரோனாவால் 2020-ல் மூடின ஹோட்டல், 2023-ல் திரும்பத் திறந்திருக்கு.

எங்களுக்குக் கிடைச்சது பி டெக்கில் ஒரு ரூம். அதே தளத்தில்தான் பேர் போன ‘பி340’. கதவு தட்டற சத்தம், தானா திறக்கற குழாய்னு ஏகப்பட்ட புகார். பல வருஷமா யாருக்கும் கொடுக்காம வெச்சிருந்து, 2018-ல்தான் திரும்ப வாடகைக்கு விட்டிருக்காங்க. அதுக்கு ரேட் அதிகம்ங்க, பேய்க்குத் தனி சார்ஜ்! நாங்க வெளியே நின்னு கதவை மட்டும் தரிசனம் பண்ணிட்டு வந்தோம்.

பேயே இல்லாட்டியும் அந்தக் காரிடார் பயமுறுத்தும். ரெண்டு பக்கமும் வழவழனு மரப் பலகை. தரை சமமா இல்லாம, ரெண்டு முனையிலும் மேல்நோக்கி வளைஞ்சு போகும். அலையைச் சமாளிக்கக் கப்பலை அப்படித்தான் கட்டுவாங்க. தூரத்திலிருந்து ஒருத்தர் நடந்து வந்தா முதல்ல காலும் அப்புறம்தான் தலையும் தெரியற மாதிரி ஒரு பிரமை. ரூம் பாத்டப்பில் பழைய குழாய்த் திருகுகள் நாலு: நல்ல தண்ணியில் சூடு, பச்சை, கடல் தண்ணியில் சூடு, பச்சை. இப்போ அதெல்லாம் வேலை செய்யாது. இருந்தாலும் தூங்கப் போறதுக்கு முன்னாடி நாலையும் ஒருமுறை இறுக்கி மூடினேன்!

சாயந்திரம் கப்பலைச் சுத்திக் காட்டற டூர் போனோம். 1,60,000 குதிரைத்திறன் டர்பைன் இருக்கற இன்ஜின் ரூம். நமக்குத் திருவிழா! பாய்லர் 27-ஐயும் ஹோட்டல் ஆக்கறப்போ கழட்டிட்டாங்கன்னு கேட்டதும் வயிறு எரிஞ்சுது. அங்கேயிருந்து ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் போற குறுகலான பாதையில் கூட்டிப் போனாங்க. இரும்புக் கதவு ஒண்ணு. எண் 13.

தண்ணி உள்ளே புகுந்தா அந்தப் பகுதியை அடைக்கறதுக்கான கதவு அது. 1966-ல் ஒரு பயிற்சியின்போது, மூடிக்கிட்டிருந்த கதவில் மாட்டி ஓர் ஊழியர் நசுங்கிச் செத்துட்டார். அவர் உருவம் இங்கே நடமாடுதுனு கைடு குரலைத் தாழ்த்திச் சொல்ல, கூட்டம் ‘ஊஊ’னு கத்தினது. ஆளாளுக்கு செல்ஃபி. நானும் எடுத்தேன், நாக்கை நீட்டிக்கிட்டு. அப்புறம்தான் யாரோ கேட்க, கைடு வயசைச் சொன்னார். பதினெட்டு.

என்னைவிட ரெண்டு வயசு சின்னவன்.

முதல் வருஷ ஒர்க்‌ஷாப்பில் லேத் ஓடிக்கிட்டிருந்தப்போ, என் சட்டை நுனி சக்கில் சிக்கப் பார்த்தது. பக்கத்தில் நின்ன இன்ஸ்ட்ரக்டர் அண்ணன் காலரைப் பிடிச்சு இழுத்துட்டார். திட்டும் வாங்கினேன். அந்த வாரம் முழுக்க ஹாஸ்டலில் அதைக் காமெடியாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அந்தக் கதவுக்கு முன்னாடி நின்னப்போ அது காமெடியாத் தெரியலை.

அடுத்து கப்பலோட மூக்குப் பகுதி. இங்கேயும் ராத்திரியில் அலறல் கேட்குமாம். கேட்குதோ இல்லையோ, அலறினவங்க நிஜம். ரெண்டாம் உலகப் போரில் இந்தக் கப்பலுக்குச் சாம்பல் பெயின்ட் அடிச்சு, ராணுவ வீரர்களை ஏத்திக்கிட்டு ஓட்டினாங்க. வேகத்தையும் நிறத்தையும் பார்த்து வெச்ச பட்டப்பேரு ‘க்ரே கோஸ்ட்’. ஆக, பேய்னு பேர் வந்தது ஹோட்டல் ஆகறதுக்கு முன்னாடியே! 1943-ல் ஒரே தடவையில் 16,683 பேரைக் கடல் தாண்டிக் கொண்டுபோய்ச் சாதனை வேற.

அதுக்கு முந்தின வருஷம், 1942 அக்டோபர் 2. கப்பலில் சுமார் 10,000 அமெரிக்க வீரர்கள். நீர்மூழ்கிக் கப்பல் குறி வைக்க முடியாதபடி வளைஞ்சு வளைஞ்சு போய்க்கிட்டிருக்கு. காவலுக்குக் கூட வந்தது ‘குரகோவா’ங்கற பிரிட்டிஷ் போர்க்கப்பல். அயர்லாந்துக்கு வடக்கே, பட்டப்பகலில், இவர் விலகுவார்னு அவரும் அவர் விலகுவார்னு இவரும் நினைச்சுக்கிட்டே வர, குயின் மேரி அந்தக் கப்பலை நடுவில் ரெண்டாப் பிளந்துக்கிட்டுப் போயிடுச்சு. நிக்கலை. நிக்கக் கூடாதுனு உத்தரவு. நின்னா அந்த 10,000 பேரும் நீர்மூழ்கிக்குக் குறி. குரகோவாவில் 330-க்கும் மேற்பட்டவங்க செத்தாங்க. சுமார் 100 பேரை மத்தக் கப்பல்கள் திரும்பி வந்து காப்பாத்தின. போர் முடியற வரைக்கும் இந்தச் செய்தி வெளியே வரவே இல்லை. மூக்கு நசுங்கின குயின் மேரிக்கு சிமென்ட் வெச்சு அடைச்சு, மறுபடி கடலுக்கு அனுப்பினாங்க.

நீங்க அந்த கேப்டனா இருந்தா நிறுத்துவீங்களா? டின்னரில் எங்களுக்குள்ள இதுதான் சண்டை. “நிறுத்தக் கூடாது, கணக்கு அதுதான்” என்றார் மாமா. “தண்ணியில கத்திக்கிட்டிருந்தது உங்க தம்பியா இருந்தா?” என்று அக்கா கேட்டதும், அவர் ஐஸ்க்ரீமைப் பார்த்துக் குனிஞ்சுக்கிட்டார். எனக்கு ரெண்டுமே சரியாப் பட்டுது. இப்பவும் அப்படித்தான்.

சரி, ரெண்டு மணி ‘டக் டக்’குக்கு வர்றேன். பகல் முழுக்க வெயில் குடிச்ச இரும்பு ராத்திரியில் சுருங்கும். தகடும் பைப்பும் சத்தம் போடும். முதல் வருஷப் பாடம்தான். அந்த நேரத்தில் ஒரு வரி ஞாபகத்துக்கு வரலையே! அம்மா சொல்லிக்கொடுத்த கந்த சஷ்டி கவசம்தான் வந்தது, அதுவும் பாதியில் நின்னுது. செல்லை எடுத்து வெளிச்சம் போட்டா, திரையில் அந்த செல்ஃபி. பின்னாடி 13-ம் நம்பர் கதவு. முன்னாடி நாக்கை நீட்டிக்கிட்டு நான்.

டெலிட் பண்ணிட்டேன். சத்தம் அதுக்கப்புறமும் கேட்டுக்கிட்டுதான் இருந்தது.

காலையில் ஊரிலிருந்து அம்மா போன். “பேய் ஏதாச்சும் பார்த்தியாடா?”

“இல்லம்மா.”

“அப்புறம் ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?”

“சரியாத் தூங்கலைம்மா.”

பொய் இல்லை. மாமாவும் தூங்கலைனு, விடிய விடிய எரிஞ்ச பாத்ரூம் லைட்டே சாட்சி. காரில் ஏறினதும் பின்சீட்டில் கால் நீட்டினவன்தான், அக்கா வந்து தட்டினப்போ சான் டியேகோ.