ஈரப் புல்லும் பிரஷ் கட்டரும்

டீயைக் குடியுங்கள், அவசரமில்லை. ராத்திரி பெய்த மழை புல்லில் அப்படியே நிற்கிறது. இப்போது மெஷினைத் தூக்கினால் வேலையும் ஓடாது.

வெதுருகுப்பம் பக்கம் வாசலில் புல்தரை வளர்ப்பவர்கள் எத்தனை பேர்? இங்கே புல் என்றால் மாமரத்தடிப் புல்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் இடுப்பளவு எழும்பிவிடும். மரம் பூவெடுக்கும் முன் தோப்பைச் சுத்தம் பண்ணிவிட வேண்டும் என்று ஆளுக்கு ஆள் பறக்கிறார்கள். ஈரத்தில் இறங்குவது அந்தப் பறப்பில்தான்.

தரையைக் குதிகாலால் அழுத்திப் பாருங்கள். தண்ணீர் கசிந்தால் அன்று வேண்டாம்: கால் வழுக்கும், மண்ணும் மிதிபட்டு இறுகும். மழை விட்ட மறுநாள், வெயில் ஏறி, பதினொரு மணிக்கு மேல் ஆரம்பித்தால் பாதித் தொல்லை இருக்காது. அதற்குள் ஒரு நடை நடந்து கல், கம்பி, சொட்டுநீர்க் குழாயின் அறுந்த துண்டு எல்லாவற்றையும் பொறுக்குங்கள். 255 மில்லிமீட்டர் பிளேடு நிமிடத்துக்கு 7000 சுற்று சுற்றினால் அதன் முனை மணிக்கு 330 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. அதில் பட்ட கூழாங்கல் எங்கே போய் விழும் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால்தான் மற்றவர்கள் 15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்கிறார்கள். கண்ணாடி, கம்பூட்ஸ், முழுக்கால் பேண்ட் இல்லாமல் தொடவே தொடாதீர்கள். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெட்டுபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

உலர்ந்த புல் வெட்டுப்பட்டதும் சிதறி விழும். ஈரப் புல் அப்படியில்லை, கயிறாகத் திரிந்து பிளேடின் அடியில் சுற்றிக்கொள்ளும். பிளேடு நிற்கும், எஞ்சின் உறுமிக்கொண்டிருக்கும். "நின்றுதானே இருக்கிறது" என்று கை போகும். விரல் போவது இங்கேதான். ஆக்சிலரேட்டரை விட்டால் கிளட்ச் விடுபட்டு பிளேடு ஓயவேண்டும், அதுதான் அமைப்பு. ஆனால் ஐடில் வேகத்தைக் கூட்டி வைத்திருந்தாலோ, கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ பிளேடு சுற்றத் துடித்துக்கொண்டேயிருக்கும். அதைப் பிடித்து நிறுத்தியிருப்பது அந்தச் சிக்கிய புல் ஒன்றுதான். அதை நீங்கள் உருவிய கணமே பிளேடு சுற்றும், உங்கள் விரல் அங்கே இருக்கும். ஆகவே சுவிட்சை அணையுங்கள், ஸ்பார்க் பிளக் மூடியைக் கழற்றுங்கள், பிறகு ஒரு குச்சியால் புல்லைத் தள்ளுங்கள். பத்து முறை சிக்கினால் பத்து முறையும் இதைச் செய்ய வேண்டும். அலுப்பாக இருந்தால் அன்றைக்குப் புல் இன்னும் காயவில்லை என்று அர்த்தம்.

இடுப்பளவுப் புல்லை ஒரே வெட்டில் தரையோடு எடுக்கப் பார்ப்பதும் சிக்கலுக்கு வழி. முதலில் மேல்பாதி, அடுத்து அடி. மரத்தைச் சுற்றி ஓரடிக்கு மெஷினே வேண்டாம், அரிவாள் போதும். பட்டையில் காயம் பட்டால் மரத்துக்கு நோய் வரும்.

திருப்பதியில் வீட்டு வாசலில் கரண்ட் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு ஒரே வார்த்தை: ஈரத் தரையில் வேண்டாம்.

இனி பாம்பு. புல்லுக்குள் கண்ணாடி விரியன் கிடக்கலாம் என்று இங்கே யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. பலர் நினைத்துப் பார்க்காதது வேறொன்று: ஸ்கரப் டைஃபஸ். புல்லிலும் புதரிலும் இருக்கும் கண்ணுக்கே தெரியாத உண்ணிக் குஞ்சு கடித்து வரும் காய்ச்சல். கடித்த இடத்தில் சிகரெட் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு வரலாம். இடுப்பு, அக்குள் மாதிரி மறைவிடத்தில் இருப்பதால் தெரியாமலே போகும். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் டாக்ஸிசைக்ளின் மாத்திரையே கேட்கும். விட்டுவிட்டால் நுரையீரல், சிறுநீரகம் வரை போகும். அப்படி முற்றிய நிலையில் டாக்ஸிசைக்ளினோடு அசித்ரோமைசினையும் சேர்த்து ஊசியாகக் கொடுப்பதே மேல் என்று, நம் ஊர்க்காரர்கள் ஓடிப்போகும் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் தலைமையில் நடந்த ஆய்வு 2023-இல் காட்டியது.

வேலை முடிந்ததும் துணியைத் தனியே ஊறப்போட்டு, சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளியுங்கள். அடுத்த இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், டாக்டர் கேட்கட்டும் என்று காத்திருக்காமல், தோப்பில் புல் வெட்டியதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.