மூட்டுத் தேய்மானத்தை ரத்தப் பரிசோதனை சொல்லிவிடுமா?



மருத்துவ உதவி கேட்டு வரும் மனுக்களில் முழங்கால் வலிக்காரர்களே அதிகம். ருகூவுக்குக் குனிந்து நிமிரவே சிரமப்படும் பெரியவர்கள், “சவ்வு எவ்வளவு தேய்ந்தது என்று ரத்தத்திலேயே தெரியுமாமே, அந்தப் பரிசோதனைக்குப் பணம் கிடைக்குமா?” என்று கேட்கிறார்கள். எனவே இந்த விளக்கம்.

எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழுவழுப்பான உறையே குருத்தெலும்பு. அதில் ரத்தக்குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. அதனால் தேய்மானம் வலியில்லாமலேயே தொடங்குகிறது. எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியாது. எலும்புகளுக்கு இடையே உள்ள இடைவெளி குறைந்திருப்பதுதான் தெரியும். அதற்குள் பெருமளவு தேய்ந்திருக்கும்.

இதை முன்கூட்டியே அறிய ஆய்வாளர்கள் வேறு வழி தேடினார்கள். குருத்தெலும்பின் முக்கியப் புரதம் இரண்டாம் வகை கொலாஜன். அது சிதையும்போது துணுக்குகள் மூட்டு நீரில் கலந்து, ரத்தத்துக்குச் சென்று, சிறுநீரில் வெளியேறுகின்றன. அதில் ஒரு துணுக்கான சி.டி.எக்ஸ்-2 சிறுநீரில் அளக்கப்படுகிறது. ‘காம்ப்’ என்ற வேறொரு குருத்தெலும்புப் புரதம் ரத்தத்தில் அளக்கப்படுகிறது.

ஆற்றில் தண்ணீர் கலங்கி வந்தால் எங்கோ கரை அரிக்கிறது என்று தெரியும். எந்தக் கரை என்று தெரியாது. இந்தப் பரிசோதனையும் அப்படித்தான். துணுக்கு வந்தது முழங்காலிலிருந்தா, இடுப்பிலிருந்தா, முதுகிலிருந்தா என்று அது சொல்லாது. வயது, மாதவிடாய் நின்ற நிலை, உடலுழைப்பு, மாதிரி எடுத்த நேரம் ஆகியவற்றாலும் அளவு மாறும். பலரை ஒப்பிடும் மருந்து ஆய்வுகளுக்கு இது பயன்படுகிறது. ஒரு தனி மனிதருக்கு என்ன சிகிச்சை என்று முடிவு செய்ய இன்னும் போதாது.

அவசியமான பரிசோதனைகள் வேறு. காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் மூட்டுகள் விறைத்து வீங்கியிருந்தால் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., ஆன்டி-சி.சி.பி. பரிசோதனைகளை மருத்துவர் எழுதுவார். கால் பெருவிரல் திடீரென வீங்கி வலித்தால் யூரிக் அமிலம் பார்ப்பார். காய்ச்சலோடு ஒரு மூட்டு சிவந்து சூடாக வீங்கினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஊசியால் மூட்டு நீரை எடுத்துக் கிருமி இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். தாமதித்தால் சில நாட்களிலேயே மூட்டு பாழாகிவிடும்.

எனவே மருத்துவர் எழுதித் தந்த பரிசோதனைகளுக்கு மட்டுமே உதவுவது என்று முடிவு செய்துள்ளோம். வலியோடு இருப்பவர்கள் பரிசோதனைக்கு முன் மருத்துவரைப் பாருங்கள். உடல் எடையைக் குறைப்பதும், தொடைத் தசைக்கான பயிற்சியும் இன்றே தொடங்கக்கூடியவை. அவற்றுக்கு மனு எதுவும் தேவையில்லை.